கோடு போட்டால்தான் உறவு தெரியும்



கையில் மைகார்டு இருந்தால் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். முதலில் உங்கள் பெயர். அதை அடுத்து ஏ/எல் அல்லது ஏ/பி. அதற்குப் பிறகு அப்பாவின் பெயர். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதுதான் அந்த இரண்டு எழுத்துக்கும் பொருள். பழைய அட்டைகளில் எஸ்/ஓ, டி/ஓ என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்து மாறியது, செய்தி மாறவில்லை. உறவை அடையாள அட்டையிலேயே எழுதிக்கொண்டு நடமாடுகிறவர்கள் நம்மவர்கள்.

ஆனால் அந்த உறவு கணினிக்குத் தெரியுமா?

தெரியாது. பெயர் என்ற ஒரே கட்டத்துக்குள் மகனின் பெயர், சாய்கோடு, அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டால் கணினிக்கு அது வெறும் எழுத்து வரிசைதான். சாய்கோட்டை ஏற்காத பாரங்களில் அது மறைந்துபோகிறது. வெளிநாட்டு மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, மகனுக்கு எழுதும் கடிதத்தில் அப்பாவை 'மிஸ்டர்' போட்டு அழைக்கின்றன. வீட்டில் அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு மகன் சும்மா இருந்துவிடுவதும் நடக்கக்கூடியதே!

இன்றைய தலைப்பு தரவுத்தளங்களில் அட்டவணைகளுக்கு இடையே உள்ள உறவைப் படமாகப் பார்ப்பது. கணினித் துறை மாணவர்களின் பாடம் என்று தள்ளிவிட வேண்டாம். பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதிலிருந்து பெட்ரோல் நிலையத்தில் அட்டையைச் செருகுவது வரை, இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் பல இடங்களில் முடிவு செய்கிறது.

பூச்சோங்கையே எடுத்துக்கொள்ளலாம். இன்று டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை, பேரங்காடி, எல்.ஆர்.டி. நிலையங்கள், அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் இது ரப்பர்க் காடும் ஈயச் சுரங்கமும். காசல்பீல்டு, கின்ராரா என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் வாழ்கின்றன. தோட்டத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று எவரும் பட்டியலைப் புரட்டிப் பார்த்ததில்லை. "மூன்றாவது லயத்து மாரியாயி பேரனா?" என்று கேட்டால் போதும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கிராணியார் அண்ணனுக்கு முனியாண்டி என்ற தகப்பன் பெயரை ஆங்கிலத்தில் 'ஒய்' போட்டு முடித்திருப்பார். தம்பிக்கு 'ஐ' போட்டு முடித்திருப்பார். இருவரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். ஆகவே எழுத்துப் பிழை யாரையும் பாதிக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து மக்கள் பூச்சோங் பெர்டானா, பண்டார் கின்ராரா, கிள்ளான், ரவாங் என்று பிரிந்து போனார்கள். உறவை நினைவில் வைத்திருந்த மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். அந்த வேலை இப்போது பதிவேடுகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் வந்திருக்கிறது. அவற்றுக்கு முனியாண்டி 'ஒய்' ஒருவர், முனியாண்டி 'ஐ' வேறொருவர்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் ஆலய நிர்வாகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செயலாளர் மடிக்கணினியில் எக்செல் கோப்பு ஒன்று வைத்திருக்கிறார். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, கைப்பேசி, மனைவி பெயர், பிள்ளை 1, பிள்ளை 2, பிள்ளை 3, உபயம், தொகை என்று கட்டங்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். நான்காவது பிள்ளை பிறக்கும்வரை! அப்போது 'பிள்ளை 4' என்று ஒரு கட்டத்தைச் செருக வேண்டும். மற்ற எல்லாக் குடும்பத்துக்கும் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு மூன்று உபயம் செய்தால் அதே பெயரும் முகவரியும் மூன்று வரிகளில் வரும். அவர்கள் வீடு மாறினால் இரண்டு வரியில் புதிய முகவரி, ஒன்றில் பழையது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து 600 ரிங்கிட்டுக்கு ஓர் உபயம் எடுத்தால் அந்த 600 இருவர் வரியிலும் ஏறும். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கைக் கூட்டும்போது 1,200 வரும். பணம் எங்கே என்று யாராவது எழுந்து கேட்பார்கள். அதன் பிறகு அந்தக் கூட்டம் எப்படி முடியும் என்பது சங்கங்களில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே யாரும் பணத்தை எடுக்கவில்லை. ஒரே அட்டவணைக்குள் நான்கு வெவ்வேறு விஷயங்களைத் திணித்ததுதான் காரணம். குடும்பம் ஒரு விஷயம். உறுப்பினர் ஒரு விஷயம். உபயம் ஒரு விஷயம். ரசீது இன்னொன்று. நான்கையும் தனித்தனி அட்டவணையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். குடும்பம் 17 என்றால் அந்த 17 வேறு எந்தக் குடும்பத்துக்கும் வராது. இதற்கு முதன்மைச் சாவி என்று பெயர். உறுப்பினர் அட்டவணையில் ஒவ்வொரு ஆளின் வரியிலும் அவர் எந்தக் குடும்பம் என்பதைக் காட்ட அதே 17 எழுதப்படும். இன்னோர் அட்டவணையின் சாவி இங்கே வந்து உட்கார்ந்திருப்பதால் அது அயல் சாவி. பிள்ளைகள் நால்வரோ ஒன்பது பேரோ, வரிகள் கூடுமே தவிர கட்டங்கள் கூடுவதில்லை. முகவரி குடும்ப அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும்.

உபயம் கொஞ்சம் சிக்கலானது. ஒரு குடும்பம் பல உபயம் செய்யும். ஓர் உபயத்தைப் பல குடும்பங்கள் சேர்ந்தும் செய்யும். இரண்டு பக்கமும் 'பல'. இப்படிப்பட்ட உறவை நேரடியாக ஒரு கோட்டால் இணைக்க முடியாது. நடுவே இன்னோர் அட்டவணை வேண்டும். 'உபயப் பங்கு' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். குடும்பம் 17, உபயம் 5, பங்கு 300 ரிங்கிட். குடும்பம் 42, உபயம் 5, பங்கு 300 ரிங்கிட். இரண்டு வரிகள். கூட்டினால் 600. கூட்டத்தில் சண்டைக்கு இடமில்லை. சம்பந்திகள் பேசும்போது நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பாரே, அதுபோல நடு அட்டவணை இரு தரப்புக்கும் சாட்சி.

இப்படி விஷயங்களைத் தனித்தனி அட்டவணையாக்கி, அவற்றின் மதிப்புகளாலேயே இணைக்கலாம் என்ற கோட்பாட்டை முன்வைத்தவர் எட்கர் கோட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாக இருந்தவர். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1970 ஜூன் மாதத்தில் வெளியான அவருடைய கட்டுரைதான் இன்றைய உறவுத் தரவுத்தளங்களுக்கு மூலம். 1981இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய கட்டுரை கணிதம். சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

அதைப் படமாக்கியவர்களில் முக்கியமானவர் தைவானில் பிறந்த பீட்டர் சென். 1976இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் பெட்டியும் வைர வடிவமும் போட்டு, எந்தப் பொருளுக்கும் எந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று கண்ணுக்குத் தெரியும்படி வரைந்து காட்டினார். தம் முறைக்கும் சீன எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து புதுப் பொருள் தரும் முறைக்கும் உள்ள ஒற்றுமையை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பூச்சோங்கில் சீன மொழிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கும்.

இன்று அதிகமாகப் புழங்குவது இன்னும் எளிய முறை. அதன் பெயரே நம்மவர்களுக்குப் பிடிக்கும்: காக்கைக் கால். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கோடு. கோட்டின் முனை காக்கையின் பாதம்போல மூன்றாகப் பிரிந்தால் அந்தப் பக்கம் 'பல'. முனையில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் 'ஒன்று'. இதோடு ஒரு சின்ன வட்டமும் வரும். வட்டம் இருந்தால் 'இல்லாமலும் இருக்கலாம்' என்று பொருள். அவ்வளவுதான் இலக்கணம். குடும்பத்துக்கும் உறுப்பினருக்கும் கோடு போட்டு, உறுப்பினர் பக்கம் காக்கைக் கால், குடும்பத்தின் பக்கம் குறுக்குக் கோடு வைத்தால் 'ஒரு குடும்பத்தில் பலர், ஒவ்வொருவருக்கும் ஒரே குடும்பம்' என்று யாரும் படித்துவிடலாம். எஸ்.கியூ.எல். தெரிய வேண்டாம். ஆலயத் தலைவரும் படிக்கலாம், பால்குடம் எடுக்க வரும் பாட்டியும் படிக்கலாம்.

மேலே சொன்ன மூன்று குறிகளில் அந்தச் சின்ன வட்டத்தைத்தான் கவனிக்கச் சொல்ல வேண்டும். காக்கைக் கால் தவறினால் கணக்கு பிசகும், கண்டுபிடித்துத் திருத்தலாம். வட்டம் தவறினால் ஒரு மனிதரை உள்ளே சேர்க்கவே முடியாது. பிள்ளையின் அட்டவணையிலிருந்து தந்தையின் அட்டவணைக்குப் போகும் கோட்டில் வட்டம் போடாமல் குறுக்குக் கோட்டை மட்டும் போட்டுவிட்டால், தந்தை பதிவு இல்லாத பிள்ளையை அந்தக் கணினி ஏற்காது. 'இந்தக் கட்டம் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் வரும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. குறுக்குக் கோட்டைப் போட்டவர் எங்கோ ஓர் அலுவலகத்தில், தமக்குத் தெரிந்த குடும்பங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போட்டிருப்பார்.

அடையாள அட்டை எண்ணும் இப்படித்தான். 1990இலிருந்து வழக்கத்துக்கு வந்த 12 இலக்க எண் அது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. ஒருவருக்கு ஒன்றுதான், இன்னொருவருக்கு வராது. ஆகவே முதன்மைச் சாவியாக வைத்துக்கொள்ள ஆசை வரும். சங்கங்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் தமிழகத்திலிருந்து திருமணம் செய்து வந்த மருமகளிடம் கடப்பிதழ்தான் இருக்கும். பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளையிடம் எதுவும் இருக்காது. அந்த எண் இல்லாதவர் அந்தச் சங்கத்தின் படத்தில் இல்லாத ஆள். ஆலயமோ சங்கமோ தனக்கென ஒரு வரிசை எண்ணைச் சாவியாக வைத்துக்கொண்டு, அடையாள அட்டை எண்ணை 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று வட்டம் போட்டு வைப்பதே பாதுகாப்பு. அந்த எண்ணைப் பார்த்தாலே வயதும் பிறந்த ஊரும் தெரிந்துவிடும் என்பதால், அதை ரசீதிலும் வாட்சாப்பிலும் சுற்றவிடாமல் இருப்பதும் நல்லது.

இந்த வட்டத்தின் விலை என்ன என்பதை நம் நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தில் பார்க்கலாம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை ஒழுங்குபடுத்தும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி ஆலயத்தில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். 'ஐயர் வந்து ஓதினார், ஊரே சாப்பிட்டுப் போனது, இதற்கு மேல் என்ன பதிவு?' என்று இருந்துவிட்ட தம்பதிகள் நம்மவர்களில் குறைவில்லை. பிள்ளை பிறக்கிறது. 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பதிவுத் திருமணம் இல்லாவிட்டாலும் தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால் தந்தையின் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் எழுத இடம் தருகிறது. எழுதிவிடுகிறார்கள். பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பம் நினைக்கிறது.

இங்கேதான் படம் உதவும். பிள்ளையின் பெட்டியிலிருந்து தந்தையின் பெட்டிக்கு உண்மையில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று, பத்திரத்தில் எழுதப்பட்ட தந்தை. இன்னொன்று, குடியுரிமைக்குச் சட்டம் ஏற்கும் தந்தை. இந்த இரண்டாவது கோடு பிள்ளையிலிருந்து நேராகத் தந்தைக்குப் போவதில்லை. நடுவில் 'திருமணப் பதிவு' என்ற அட்டவணை வழியாகத்தான் போகிறது. உபயத்தில் பார்த்த நடு அட்டவணை போலத்தான். அந்த அட்டவணையில் வரி இல்லாவிட்டால் கோடு அங்கேயே அறுந்துவிடும். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை, திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையைப் பொறுத்தவரை 'தந்தை' என்ற சொல்லைத் 'தாய்' என்று படிக்கச் சொல்கிறது. தாய் மலேசியக் குடிமகள் என்றால் இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. கோடு தாய் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். தாய் வெளிநாட்டவரோ, அவருக்கே பிறப்புப் பத்திரம் இல்லையோ என்றால், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளைக்குக் கிடைக்காது. ஆவணமில்லாத் தாய்க்கு ஆவணமில்லாப் பிள்ளை. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால் அடுத்த தலைமுறையும் அதே வரிசையில் நிற்கும். 2011இல் மைடாஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களுக்காக அரசாங்கம் ஒரு பதிவு இயக்கத்தையே நடத்த வேண்டிவந்தது.

திருமணத்தைப் பிறகு பதிவு செய்துகொண்டால் சரியாகிவிடாதா என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது: தேதி. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் அந்நாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோரின் திருமணம் பிள்ளை பிறந்த பிறகே பதிவாகியிருந்தது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்து நின்ற கேள்வியைத் தரவுத்தள மொழியில் சொன்னால், திருமண அட்டவணையில் உள்ள தேதி பிறப்பு அட்டவணையில் உள்ள தேதிக்கு முந்தியதா, பிந்தியதா என்பதுதான். உறவு இருக்கிறது என்று மட்டும் காட்டும் படம் போதாது. எப்போதிலிருந்து இருக்கிறது என்பதையும் அந்த நடுப்பெட்டிக்குள் எழுத வேண்டும்.

கோட்டையே மாற்றி வரைந்த செய்தியும் உண்டு. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்குத் தந்தையைப் போலத் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்க வழி செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. 'தந்தை' என்று ஒரே பெட்டிக்குப் போன கோடு, 'பெற்றோரில் குறைந்தது ஒருவர்' என்று இரு பெட்டிக்கும் போகிறது.

அரசாங்க அட்டவணைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவது இப்போது வேகம் பிடித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட ரோன்95 பெட்ரோல் உதவித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென், மாதத்துக்கு 300 லிட்டர் என்று அது அறிமுகமானது. தகுதி யாருக்கு? தேசியப் பதிவிலாகாவின் பட்டியலில் குடிமகனாக இருக்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் பட்டியலில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். இரண்டு அட்டவணைக்கு நடுவே அடையாள அட்டை எண்ணால் ஒரு கோடு. இரண்டிலும் இருப்பவர் உள்ளே. ஒன்றில் மட்டும் இருப்பவர் வெளியே. உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தவர்கள் அப்போதுதான் புதுப்பிக்க ஓடினார்கள். தரவுத்தள வகுப்பில் இரண்டு வாரம் சொல்லித் தரும் 'இணைப்பு' என்ற பாடத்தைப் பெட்ரோல் நிலையம் ஒரே நாளில் சொல்லித் தந்துவிட்டது.

அதற்கு முன்பே, 2024 ஜனவரி 2ஆம் தேதி, பாடு என்று அழைக்கப்படும் முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டு மார்ச் 31 வரை மக்கள் தங்கள் விவரத்தைப் புதுப்பிக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தொடங்கிய நாள்களிலேயே, ஒருவருடைய அடையாள அட்டை எண் தெரிந்தால் அவர் பெயரில் இன்னொருவர் பதிந்துகொள்ள முடியும் என்ற குறை பகிரங்கமாகப் பேசப்பட்டுப் பின்னர் சரிசெய்யப்பட்டது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி தரவுப் பகிர்வுச் சட்டம் நடப்புக்கு வந்து, மத்திய அரசாங்க அமைப்புகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ளச் சட்ட வழி கிடைத்தது. அதைக் கொண்டுவந்த இலக்கவியல் அமைச்சின் பொறுப்பில் இருந்த கோபிந்த் சிங் டியோ, 2008 முதல் 2022 வரை பூச்சோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் என்பது இவ்வூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இனி கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் படத்தை எப்படிப் பார்ப்பது? மைக்ரோசாஃப்ட் அக்செஸ் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே உறவுகளைக் காட்டும் ஜன்னல் உண்டு. கோட்டின் ஒரு முனையில் 1 என்றும் மறுமுனையில் படுத்துக் கிடக்கும் 8 போன்ற முடிவிலிக் குறியும் தெரிந்தால், அந்த உறவைக் கணினி காவல் காக்கிறது என்று அர்த்தம். குறிகள் இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால் காவல் இல்லை. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறவர்களுக்கு வொர்க்பெஞ்ச் என்ற இலவச மென்பொருள் இருக்கும் தரவுத்தளத்தைப் படித்து, பெட்டிகளையும் கோடுகளையும் தானே வரைந்து தரும். டிபீவர் என்பதும் இலவசம். பலவகைத் தரவுத்தளங்களைத் திறந்து படம் காட்டும்.

இந்த மென்பொருள்களைத் திறந்ததும் பலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். முப்பது பெட்டிகள் வரும், ஒரு கோடுகூட இருக்காது! மென்பொருள் பழுதில்லை. தரவுத்தளத்தை அமைத்தவர் அயல் சாவிகளை அறிவிக்காமலேயே விட்டிருப்பார்; உறவு அவர் எழுதிய நிரலுக்குள்ளும் அவர் தலைக்குள்ளும் மட்டும் இருக்கும். தோட்டத்துக் கிராணியார் கதைதான் மறுபடியும். பழைய மைஎஸ்கியூஎல் அமைப்புகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010இல் வந்த 5.5 பதிப்புக்கு முன்னால் வழக்கமாகப் பயன்பட்ட மைஐசாம் என்ற சேமிப்பு முறை, அயல் சாவியை அறிவித்தாலும் காதில் போட்டுக்கொள்ளாது. பிழை என்றும் சொல்லாது. அமைத்தவர் கோடு போட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

காவல் இல்லாத தரவுத்தளத்தில் சில ஆண்டுகளில் அனாதைப் பதிவுகள் சேர்ந்துவிடும். கணினித் துறையில் உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். உறுப்பினர் வரியில் குடும்பம் 17 என்று இருக்கும். குடும்ப அட்டவணையில் 17 இருக்காது. யாரோ நீக்கியிருப்பார்கள். கோடு போடுவதற்கு முன்னால் இவர்களைத் தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி புதிய கோட்டை ஏற்காது. தேடிய பிறகு அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கலாம். பழைய ரசீதுக் கட்டை எடுத்து, இரண்டு தொலைபேசி அழைப்பு செய்தால் குடும்பம் தெரிந்துவிடும்.

நீக்குவதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு வரியை அழித்தால் அதோடு கோட்டால் இணைந்த எல்லா வரிகளும் சேர்ந்து அழியும்படி அமைக்க முடியும். ரசீதுக்கும் ரசீதின் உட்பட்டியலுக்கும் அது பொருத்தம். குடும்பத்துக்கு அதை வைத்தால் என்ன ஆகும்? பல அமைப்புகளில் குடும்பத் தலைவர்தான் குடும்பத்தின் அடையாளம். அவர் இறந்ததும் 'தலைவர் காலமானார்' என்று செயலாளர் அந்த வரியை நீக்குகிறார். ஒரே சொடுக்கில் மனைவி, மூன்று பிள்ளைகள், அவர்கள் இருபது ஆண்டு கட்டிய சந்தா எல்லாம் மறைந்துவிடும். கணவரை இழந்த பெண் அடுத்த மாதம் கல்வி உதவிக்கு மனுச் செய்ய வரும்போது 'நீங்கள் உறுப்பினரே இல்லையே' என்று பதில் வரும். தமிழகத்தில் 2017இல் மின்னணு வடிவம் பெற்ற குடும்ப அட்டையிலும் குடும்பத் தலைவர் என்ற இடம் உண்டு. எந்த நாடானாலும் அந்த இடத்தில் இருப்பவர் போனபின் மற்றவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதை முதலிலேயே வரைந்து பார்த்துவிட வேண்டும். தலைவரைக் குடும்பத்தின் சாவியாக வைக்காமல், குடும்பத்துக்குத் தனி எண்ணும் தலைவர் யார் என்பதற்கு மாற்றக்கூடிய ஒரு கோடும் வைப்பதே முறை. அழிப்பதற்குப் பதிலாக 'காலமானார்' என்று தேதியோடு குறித்தால் போதும்.

புதிதாக ஓர் உறுப்பினர் முறையை அமைக்க நினைக்கும் ஆலயங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கணினி வாங்குவதற்கு முன்னால் ஒரு மணிலா அட்டை வாங்கலாம். ஒரு ரிங்கிட்டுக்கும் குறைவு. பெட்டிகளைப் பென்சிலால் வரைந்து கூட்டத்தின் நடுவில் விரித்து வைத்து, ஊரில் உள்ள உண்மையான குடும்பங்களை ஒவ்வொன்றாக அந்தப் படத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். பிரிந்து வாழும் தம்பதியை எந்த வீட்டில் சேர்ப்பது? இரண்டாம் திருமணத்தில் வந்த பிள்ளைக்கு எத்தனை கோடு? தாய் கடப்பிதழ்க்காரர் என்றால் எந்தக் கட்டம் காலியாக இருக்கலாம்? இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் நிரல் எழுதத் தெரிந்த இளைஞர் கேட்க மாட்டார். அன்னதானக் குழுவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாதான் கேட்பார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"தம்பி, எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அத்தையோடு வளர்கிறது. அப்பா சிங்கப்பூரில். அம்மா இல்லை. அதை எங்கே போடுவீர்கள்?" என்று அவர் கேட்டால், குடும்பத்துக்கும் உறுப்பினருக்கும் நடுவே போட்ட அந்த ஒற்றைக் கோடு போதாது என்று தெரிந்துவிடும். பெற்றவர் என்று ஒரு கோடு, பொறுப்பில் வைத்திருப்பவர் என்று இன்னொரு கோடு. பள்ளி அவசரத்துக்கு அழைக்க வேண்டியது இரண்டாவது கோட்டில் இருப்பவரை. அழிப்பானை எடுத்து அங்கேயே திருத்தி வரைந்துவிட்டு, அதன் பிறகு மடிக்கணினியைத் திறக்கலாம்.